இடது ஓரத்தில் நிற்பவர்

சுண்ணாம்புக்காரர் தன் வாயால் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. இதை அவர் தனக்குள்ளேயே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அடுத்தவர்கள் தாங்களாக ஒன்றை நம்பினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படிப் பொய்யாகும் என்று கல்யாணமான நாளிலிருந்து வாதாடி வருகிறார். வக்கீலும் அவரே, நீதிபதியும் அவரே. அப்படியும் கேஸ் ஜெயித்தபாடில்லை.

அவருக்குத் தொழில் கோடு போடுவது. சாலையில், வண்டி நிறுத்துமிடத்தில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் எல்லாம் போடுவார். இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டி, சாக்பீஸ் பொடி தடவிய அந்த நூலைச் சுண்டி அடையாளம் வைத்து, கொப்பரையில் உருகிக் கொதிக்கும் பெயின்ட்டை வண்டியில் ஊற்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். காய்வதற்குள் மேலே கண்ணாடிப் பொடி தூவ வேண்டும். வண்டி வெளிச்சம் பட்டால் மினுங்குவது அதுதான். கோடு கோணலாகிவிட்டால் அழிக்க முடியாது. மெஷின் வைத்துச் சுரண்டலாம், ஆனால் சுரண்டிய இடம் தழும்பு மாதிரி கறுப்பாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் அவர் எதையும் நிதானமாகச் செய்கிற மனிதர். அந்த நிதானம்தான் அவரைக் கவிழ்த்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் எப்படிச் சொல்வது என்று நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் எல்லோரும் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

சுண்ணாம்புக்காரர் என்ற பெயர் அதற்கு முந்தைய வேலையில் வந்தது. வாலிபத்தில் அவர் ஒரு கால்பந்து கிளப்பின் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிளப்பில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் டீம் போட்டோ எடுக்க வேண்டும். எடுத்தால் அதில் பதினொரு பேர் நிற்க வேண்டும். என்றைக்கோ ஒரு நாள் பத்துப் பேரோடு எடுத்துவிட்டு, அன்றைக்கு வாங்கிய அடியில் ஒரு மாதம் யாரும் தெருவில் தலைகாட்டவில்லையாம். அதிலிருந்து ஆட்டக்காரர் யாராவது வர லேட்டானால், பக்கத்தில் இருக்கிறவன் தலையில் ஜெர்ஸியை மாட்டி நிற்க வைத்துவிடுவார்கள். பஸ் டிரைவர் நின்றிருக்கிறார். போட்டோகிராபரின் மச்சான்கூட ஒரு தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறான்.

கிளப் ஜெயித்த ஒரே இறுதியாட்டத்தன்று சுண்ணாம்புக்காரர் நின்றார். வர வேண்டியவன் ஐஸ். ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்ததால் அவனுக்கு அந்தப் பெயர். காலொடிந்து கிடந்த ஒருவனுக்குப் பதிலாக அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறேன் என்றவன் வரவில்லை. கேப்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாளியும் கையுமாக ஒருவன் நின்றான். கையெல்லாம் சுண்ணாம்பு, அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பின் வரிசையில் இடது ஓரத்தில் நின்று, போட்டோவுக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனை பாடும்.

போட்டோ எடுத்த கையோடு ஐஸ் ஓடி வந்தான். ஜெர்ஸியைச் சுண்ணாம்புக்காரரின் முதுகிலிருந்து உருவி மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை, தரையில் விழ விடாமல், இடது காலால் ஒரு தட்டு. வலைக்குள் போய் விழுந்தது. சந்தோஷம் தாங்காமல் வெளிக்கோட்டுக்கு ஓடி வந்து சுண்ணாம்பு வாளியை ஒரு உதை விட்டான். இரண்டு பேரும் வெள்ளை வெளேர் என்று நின்றார்கள். பிறகு அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. போனவன் போனவன்தான்.

போட்டோவின் பிரதி ஒன்று சுண்ணாம்புக்காரருக்கும் கிடைத்தது. வாடகை அறையின் சுவரில் மாட்டியிருந்தார். சம்பந்தம் பேச வந்த மாமனாரின் கண் நேராக அதில்தான் விழுந்தது. மாமனார், வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். கிளப் என்றால் உயிர். அந்த இறுதியாட்டத்துக்கும் போயிருந்தார். என்ன, கோல் விழுந்த நேரத்தில் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

"இந்தப் பத்துப் பேரும் எனக்குத் தெரியும்," என்று போட்டோவை விரலால் தடவினார். "தெரியாதவர் ஒருத்தர்தான். அப்போ கோல் அடிச்சது நீங்கதானா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் சுண்ணாம்புக்காரருக்கு மூச்சு முட்டியது. பெண்ணைக் கொடுப்பாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமனார் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

கல்யாணமான புதிதில் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்பா ஆபீஸ் முழுக்கச் சொல்லியாச்சு. இப்பப் போயி இல்லேன்னா அவரு முகத்தை எங்க கொண்டு வச்சுப்பாரு?" என்றாள். "சும்மா இருங்க. நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

யாரும் மறக்கவில்லை. மாமனார் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் அந்தக் கோலைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். மகள் பிறந்தாள். தாத்தாவின் மடியில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். நடக்கப் பழகியதும் பந்தை உதைத்தாள், அதுவும் இடது காலால். இப்போது அதே கிளப்பின் பெண்கள் அணியில் ஆடுகிறாள். தோற்றுவிட்டு வந்தால் சாப்பிடாமல் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அவர் பக்கத்தில் இருந்தாலே அவளுக்குப் போதும், ஏனென்றால் அவர் அந்தக் கோலை அடித்தவர். அந்த நேரங்களில் சுண்ணாம்புக்காரருக்குத் தன்னைக் கண்டாலே பிடிக்காது. வேறு யார் என்ன நினைத்தாலும் அவர் தாங்கிக்கொள்வார். இவள் உண்மை தெரிந்து தன்னை ஏறிட்டுப் பார்க்கும் அந்த ஒரு பார்வையை நினைத்தால் மட்டும் அவருக்குக் கை கால் ஓடாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கிளப்பின் ஆண்டு விழா வந்து மோதியது. கிளப்பின் பழைய பதிவுகள் எல்லாம் ஒரு மழை வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. யார் எந்த ஆட்டம் ஆடினார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு புதிர்ப் போட்டி வைத்தார்கள். அந்தப் போட்டோவைப் போனில் எல்லோருக்கும் அனுப்பி, இந்தப் பதினொரு பேரும் யார் என்று கேட்டார்கள். கூடவே, வாய்வழியாக வந்த சேதியை வைத்து ஒரு குறிப்பு: இவர்களில் ஒருவர் கிளப்புக்காக ஆடியது ஒரே ஆட்டம், அதில்தான் வெற்றிக் கோலை அடித்தார், அவர் யார்? சரியான விடை கிளப்பிடமும் கிடையாது. அதிகம் பேர் சொல்வது எதுவோ அதுவே விடை, அதையே எழுதி மாட்டப்போகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். கோல் அடித்தவன் அந்தப் படத்திலேயே இல்லை என்பது புதிர் போட்ட புத்திசாலிகளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு குடும்பமே உட்கார்ந்தது.

"கேப்டன், கோல்கீப்பர், இந்த மொட்டைத் தலை... இவரு பேங்க்ல இருந்தவரு," என்று மாமனார் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். முன் வரிசையில் வந்ததும் நின்றுவிட்டார். "இந்த ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. எது அண்ணன், எது தம்பின்னுதான் பிடிபடல."

"அப்பாகிட்ட கேளுங்க தாத்தா. கூட ஆடினவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எதுக்கு மண்டைய உடைக்கிறீங்க?" என்றாள் மகள்.

சுண்ணாம்புக்காரருக்கு எல்லோரையும் தெரியும். யாருடைய பூட்ஸ் எந்தக் கோட்டை மிதித்து அழிக்கும் என்பதுவரை தெரியும். தெரியாது என்றால் சந்தேகம் வரும். தெரியும் என்றால் இன்னும் மாட்டிக்கொள்வார். இருதலைக் கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்தவர், கடைசியில் மெல்ல வாயைத் திறந்தார்.

"காதை மூடுற மாதிரி முடி வச்சிருக்கிறது தம்பி. அண்ணனுக்கு ஒரு பல்லு உடைஞ்சிருக்கும், அதான் வாயை மூடிட்டுச் சிரிக்கிறாரு."

"பாத்தியா! கூட ஆடினவருக்குத்தான் தெரியும்!" என்று மாமனார் தொடையில் தட்டினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மகள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஏன்ப்பா நீங்க மட்டும் கையைப் பின்னால கட்டியிருக்கீங்க?" என்றவள் இன்னும் பெரிதாக்கினாள். "முழங்கை கிட்ட என்னமோ வெள்ளையா இருக்கே?"

சுண்ணாம்புக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. இதோ, கதவு தானாகவே திறக்கிறது. இப்போது சொல்லிவிடலாம். "அது சுண்..." என்று தொடங்கினார்.

"கட்டு!" என்று மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். "கையில கட்டுப் போட்டிருக்காரு! அடிபட்ட கையோட ஆடியிருக்காரு மனுஷன்! இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னாரா பாரு!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைத் தாங்க முடியாமல் அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே மனைவி நின்றாள்.

"சொல்லிடட்டுமா?" என்று கிசுகிசுத்தார்.

"அவ ஆசையா உக்காந்திருக்கா," என்றாள் மனைவி. அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. "இன்னைக்கு வேணாம்."

இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்றே ஒரு ஆயுள் போய்விட்டது. அதற்குப் பிறகு மாமனார் சும்மா இருக்கவில்லை. மீட்டர் கணக்கெடுத்த பழக்கம், ஏறாத வீடில்லை, தட்டாத கதவில்லை. தெருவில் போன் வைத்திருக்கும் அத்தனை பேரையும் தன் மாப்பிள்ளையின் பெயரை அனுப்ப வைத்தார். பந்தென்றால் உருண்டை என்று மட்டும் தெரிந்த கிழவிகள்கூட அனுப்பினார்கள்.

சுண்ணாம்புக்காரர் ஒரு காரியம் செய்தார். மத்தியான இடைவேளையில், சாலை வேலைக்குப் போடும் ஆரஞ்சு நிறச் சட்டையோடு, கிளப் ஆபீசுக்கே நடந்து போனார். உள்ளே போனதும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: அந்தப் படத்தில் இடது ஓரத்தில் இருக்கிறவன் ஆட்டக்காரன் இல்லை. எளிமையான வாக்கியம். ஆபீசில் செயலாளராக இருந்த பையன் அவரைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஐயா, நீங்களே வந்துட்டீங்களா? இங்க பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு!"

"தம்பி, ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் படத்துல..."

"நீங்கதான்! முடிவே ஆயிடுச்சு ஐயா, வேற யாருமே பக்கத்துல வரல. விழாவுக்கு நீங்க வந்தே ஆகணும்."

உள்ளேயிருந்து நாலைந்து பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அவர் சிரித்தார். போட்டோ என்றால் சிரித்துவிடும் கெட்ட பழக்கம் அவருக்கு. வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது, சொல்லாமல் வந்த வாக்கியம் தடங்கலே இல்லாமல் வாயில் வந்தது.

இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. படத்தில் இருந்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் எங்கெங்கோ போய்விட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் பழைய கேப்டன் மட்டும்தான். போட்டி கலகலப்பாக இருக்கட்டும் என்று கிளப்பில் அவரிடம் யாரும் கேட்கவில்லை; விழாவுக்கு மட்டும் அவரும் வருகிறார். அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், இவன் கோடு போட்ட பயல் என்று சொல்லிவிடுவார். அவமானம்தான். ஆனால் அத்தோடு முடிந்துவிடும். பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி, பயந்துகொண்டே அந்த நாளுக்காகக் காத்திருந்தார்.

விழா நாளில் மைதானம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், பக்கத்தில் மனைவி. மகள் அணியோடு வெளிக்கோட்டின் ஓரமாக நின்றாள். விழா முடிந்ததும் அவர்களுக்கு ஒரு காட்சி ஆட்டம் இருந்தது. சுண்ணாம்புக்காரரைக் கைபிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். கேப்டன் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து, முகத்துக்கு அருகே முகத்தை வைத்து உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நான் சுண்ணாம்புண்ணே," என்றார் இவர், கெஞ்சாத குறையாக. "வாளி வச்சுக்கிட்டு நிப்பேனே."

கேப்டனின் கண் விரிந்தது. "வாளி! மறப்பேனாடா? கோல் அடிச்சிட்டு ஓடி வந்து அந்த வாளியை உதைச்ச பாரு! தலையிலேர்ந்து கால்வரைக்கும் வெள்ளையா நின்னியே!" என்று இழுத்துக் கட்டிக்கொண்டார். மைதானமே கைதட்டியது. கேப்டனின் தோளில் முகம் புதைந்திருந்த சுண்ணாம்புக்காரருக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. உதைத்தவனும் நனைந்தவனும் அந்தக் கிழட்டு மண்டைக்குள் ஒரே ஆளாகிவிட்டார்கள். இனி உலகத்தில் சாட்சி கிடையாது.

மைக்கை நீட்டினார்கள். "அந்தக் கோலைப் பத்தி நீங்களே சொல்லணும்!"

இதுவரை அவர் சும்மா இருந்தார். இப்போது சும்மா இருக்க முடியாது. வாயைத் திறந்தால் ஒன்று அந்தப் பக்கம், இல்லை இந்தப் பக்கம். அவர் மகளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். இவளிடம் என் வாயால் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் திடீரென்று நிச்சயமாகத் தெரிந்தது.

"அது என் கோல் இல்ல," என்றார்.

அறிவிப்பாளர் வேறொரு மைக்கில் பாய்ந்தார். "கேட்டீங்களா? தன் கோல் இல்லையாம்! பதினொரு பேரோட கோல்னு சொல்றாரு! இந்தத் தன்னடக்கம் இன்னைக்கு யாருக்கு வரும்?"

"இல்லங்க, நெசமாவே நான் அடிக்கல. நான் கோடு போட்டவன். அடிச்சது ஐஸ் பாக்டரியில வேலை செஞ்ச..."

மீதியை யாரும் கேட்கவில்லை. கைதட்டலும் விசிலும் மைதானத்தை அடைத்தன. பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. யாரோ அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். முன் வரிசையில் மாமனார் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கண்ணைத் துடைத்தபடி, "எப்பவும் இப்படித்தான்! பெருமையே பேசத் தெரியாது!" என்று கத்திக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனை உண்டு என்று சுண்ணாம்புக்காரர் கனவிலும் நினைத்ததில்லை.

அவர் மேடையை விட்டு இறங்கி, மாலையோடு வெளிக்கோட்டை நோக்கி நடந்தார். மகள் மட்டும் கைதட்டவில்லை. அப்பாவின் குரல் அவளுக்குத் தெரியும். எது அடக்கம், எது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நெசமாப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

அவள் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பார்த்தாள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நிமிர்ந்தபோது, இத்தனை வருஷமாக அவர் பயந்த அந்தப் பார்வை வந்துவிட்டது. அதில் கோபம்கூட இல்லை. தெருவில் வழி கேட்கிறவரைப் பார்க்கிற பார்வை.

"அவரு பேரு என்ன?"

"ஐஸ்னு கூப்பிடுவோம்."

"அது அவரு பாத்த வேலைப்பா. பேரைக் கேட்டேன்."

சுண்ணாம்புக்காரர் நினைவைக் குடைந்து பார்த்தார். ஓடி வந்த கால்கள் ஞாபகம் இருந்தன, ஜெர்ஸியை உருவிய ஈரக் கை ஞாபகம் இருந்தது, வாளி உருண்ட சத்தம்கூட ஞாபகம் இருந்தது. பெயர் இல்லை. மறந்துபோகவில்லை, கேட்டதே இல்லை.

"தெரியாதும்மா," என்றார். "ஒரு நாளும் கேட்டதில்ல."

நடுவர் கூப்பிட்டார்; அணி களத்தில் இறங்கியது. அறிவிப்பாளர் ஒவ்வொரு பெண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்து, அவளிடம் வந்ததும் குரலை உயர்த்தினார். "இதோ, நம்ம கோல் நாயகரோட மகள்!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் மைதானத்தின் நடுவில் தனியாக நின்றாள், கைகளைத் தொங்கவிட்டபடி. கூட்டம் விடவில்லை, இன்னும் பலமாகத் தட்டியது. முன் வரிசையில் தாத்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அழுதுகொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் தாத்தாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையைத் தூக்கி, கூட்டத்தைப் பார்த்து ஆட்டினாள்.

"வேணாம்மா," என்றார் சுண்ணாம்புக்காரர். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.